மலையில் எங்கே படுத்தீர்கள்?

சென்னை தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்குக் காய்ச்சலோடு வருபவர்களிடம் சில வருடங்களாக ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கிறேன். "போன மூணு வாரத்துல எங்கயாவது மலைக்குப் போய் ராத்திரி தங்கினீங்களா?"

இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தது காசிமேட்டிலிருந்து வந்த 22 வயதுப் பையன். ஒன்பது நாளாகக் காய்ச்சல், தலைவலி, இருமல். இரண்டு இடத்தில் டெங்கு பரிசோதனை எடுத்து, இல்லை என்று வந்திருந்தது. தட்டணுக்கள் மட்டும் 70,000-க்கு இறங்கியிருந்தன. படுக்கவைத்துப் பார்த்தபோது, பெல்ட் கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே கருப்பாக ஒரு பொருக்கு, பீடி நெருப்பு சுட்ட மாதிரி. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. "எங்கப்பா போயிருந்த?" என்றேன். கிட்டத்தட்ட மூன்று வாரத்துக்கு முன் நாகலாபுரம் மலை. போனது ஆறு பேர், கொண்டுபோனது நாலு பேர் படுக்கிற டென்ட். இவன் வெளியே புல்லில் தார்ப்பாய் விரித்துப் படுத்திருக்கிறான்.

அது ஸ்க்ரப் டைபஸ். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். புல்லும் புதரும் எலி நடமாட்டமும் உள்ள இடத்தில் வாழும் ஒரு பூச்சியின் குஞ்சுதான் கடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று உடை இறுக்கிப் பிடிக்கும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். கடித்துப் பத்து நாள் போல ஆன பிறகுதான் காய்ச்சல் வரும், சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். அதற்குள் மலைக்குப் போனதையே பையன்கள் மறந்திருப்பார்கள். வீட்டில் சொல்லாமல் போயிருந்தால், அம்மா பக்கத்தில் நிற்கும்போது வாயே திறக்க மாட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன்.

இதற்கு மருந்து டாக்ஸிசைக்ளின், விலை அதிகமில்லாத மாத்திரை. சரியான நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். காய்ச்சல் என்றதும் கடையில் வாங்கிப் போடும் அமாக்ஸிசிலின் வகை மாத்திரைகள் இதைத் தொடவே தொடாது. நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். காசிமேட்டுப் பையன் பிழைத்துக்கொண்டான். ஒன்பது நாளை வீணாக்கியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொருக்கு எல்லோருக்கும் வராது, அதனால் அது இல்லை என்பதால் இந்தக் காய்ச்சல் இல்லை என்றும் ஆகிவிடாது. எங்கே படுத்தீர்கள் என்ற தகவல்தான் எங்களுக்குப் பெரிய துப்பு.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேரோடு வளரும் பிள்ளை ஒரு ராத்திரி வானத்தைப் பார்த்துப் படுக்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? நமக்கு மலை பக்கம்தான். சனிக்கிழமை வேலை முடித்து பைக்கை எடுத்தால் செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம். கும்மிடிப்பூண்டி வழியாகப் போனால் தடா. இரண்டுமே ஆந்திர எல்லைக்குள் இருப்பவை, அங்கே காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் போகிறவர்கள் அடிபட்டாலும் கடிபட்டாலும் பயந்துகொண்டு உதவி கேட்கத் தயங்குகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

இன்னொரு சிக்கல் நம் பழக்கத்திலேயே இருக்கிறது. கோடையில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்கள் நாம். கொசு கடிக்கும், அவ்வளவுதான். அதே நினைப்பில் மலையடிவாரத்திலும் பாயை விரித்துவிடுகிறோம். அங்கே தரையில் ராத்திரி நடமாடுவது வேறு.

கட்டுவிரியனைச் சொல்கிறேன். பகலில் ஒதுங்கிக் கிடக்கும், ராத்திரியில் இரை தேடி வரும். தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடம் வீங்காது, பெரும்பாலும் வலிக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலியோடும் வாந்தியோடும் எழுந்திருப்பார்கள். ராத்திரி சுட்ட சிக்கன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நண்பர்கள் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காலையில் வயிற்றுவலியோடு இமையும் தொங்கினால், தடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பாம்பு என்றே வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள், ஆந்திராவிலும் அதே எண்தான். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடலாம் என்று பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கிளம்பாதீர்கள், வழியிலேயே மூச்சு நின்றுவிடும். பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையோ அங்கே முதலில் போங்கள். விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசமும் நேரத்துக்குக் கிடைத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு நம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருவது. 1978-இல் தொடங்கிய சங்கம் அது.

இந்த இரண்டு ஆபத்தையும் பெருமளவு தடுப்பது ஒரு சாதாரண டென்ட்தான். அடித்துணியும் சுவரும் சேர்த்துத் தைத்ததாக, ஓட்டை இல்லாததாக இருக்கட்டும். ஆறு பேர் போனால் ஆறு பேருக்கும் உள்ளே இடம் வேண்டும். ஒன்றுக்குப் போக எழுந்தாலும் ஜிப்பை மூடிவிட்டுப் போங்கள், டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள், ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். புற்று, கற்குவியல், சருகு, அடர்ந்த புல் இருக்கும் இடம் வேண்டாம். ஓடைப் படுகையும் வேண்டாம், மேலே எங்கோ பெய்த மழை கீழே திடீரென்று வெள்ளமாக வரும். சாப்பிட்ட மிச்சத்தைச் சுற்றி எறிந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். குளிருகிறது என்று கரி அடுப்பை டென்டுக்குள் எடுத்துப் போகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

முழுக்கை, முழுக்கால் உடை, கொசுவுக்குத் தடவும் களிம்பு இரண்டும் இந்தக் காய்ச்சல் பூச்சியைத் தடுக்கவும் உதவும். துணியைப் புதர் மேல் உலர்த்த வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள், போட்ட துணியை வெந்நீரில் ஊறவையுங்கள். போன தேதியை செல்போனில் குறித்து வைத்து, அடுத்த 21 நாளுக்குள் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரானாலும் உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று கூச்சப்படாமல் காட்டுங்கள், கிளம்புவதற்கு முன் நீங்களே கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.