பொய் சொல்லும் மீட்டரும் தொட்டிக்குள் ஒரு காகித ஆலையும்

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கி, விடுமுறைதோறும் குடும்பத்தோடு தேசியப் பூங்காக்களைச் சுற்றிவருகிறாராம். கழிவறைத் தொட்டியைக் காலி செய்து முடித்த பிறகும் சுவரில் இருக்கும் மீட்டர் ‘மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருக்கிறது’ என்றே காட்டுகிறது. நாற்றம் வேறு. கடையில் விற்கும் திரவங்களில் மூன்று வகையை ஊற்றிப் பார்த்துவிட்டார். எந்த மருந்து வாங்கினால் சரியாகும் என்பது அவர் கேள்வி.

எதையும் வாங்க வேண்டாம், தண்ணீர் ஊற்றுங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஏன் தண்ணீர் என்று கேட்டால் அதற்குள் அருமையான வேதியியல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். டிரெய்லரின் தரைக்கு அடியில் பொதுவாக மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ச் சேர்வது சாம்பல் தொட்டி. கழிவறைக்கு நேர் கீழே இருப்பது கறுப்புத் தொட்டி. நடுத்தரமான டிரெய்லரில் இது 110 முதல் 150 லிட்டர் வரை கொள்ளும். அதன் அடியில் 3 அங்குலக் குழாய், குழாயை அடைத்து நிற்கும் ஒரு வால்வு, மேலே கூரை வரை போகும் காற்றுக் குழாய், அவ்வளவுதான். கழிவு இறக்கும் இடத்துக்குப் போய்க் குழாயை மாட்டி வால்வை இழுத்தால் புவியீர்ப்பு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான டிரெய்லர்களில் பம்பு கிடையாது. கையுறை அணிவது, கசிவு பார்ப்பது எல்லாம் வாசகருக்குத் தெரிந்தவை; தாண்டிச் செல்கிறேன்.

இப்போது கழிவறைக் காகிதத்துக்கு வருவோம். கறுப்புத் தொட்டியின் தலைவிதியை எழுதுவது மலத்தைவிட இதுதான்.

காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். ஒவ்வோர் இழையும் ஓரிரு மில்லிமீட்டர் நீளம். செல்லுலோஸ் மூலக்கூறு குளுக்கோஸ் கண்ணிகளாலான நீண்ட சங்கிலி. அதன் நெடுகிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓர் இழையின் ஹைட்ரஜன், பக்கத்து இழையின் ஆக்சிஜனை ஈர்க்கிறது. பள்ளியில் படித்த அதே ஹைட்ரஜன் பிணைப்பு. தனியாகப் பார்த்தால் மிகப் பலவீனமானது. கோடிக்கணக்கில் சேரும்போதோ, நாம் எழுதவும் மடிக்கவும் கூடிய ஒரு தாள் கிடைத்துவிடுகிறது. சாதாரணக் கழிவறைக் காகிதத்தை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் பசை அல்ல, இந்தப் பிணைப்புகள்தான்.

இந்தக் காகிதத்தைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகிறது? தண்ணீர் மூலக்கூற்றிலும் அதே ஆக்சிஜன், அதே ஹைட்ரஜன். கல்யாணப் பந்தியில் பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு நடுவே வந்து உட்காரும் உறவினரைப் போல, அது இரண்டு இழைகளுக்கு இடையே புகுந்து இருபுறமும் கை கோத்துக்கொள்கிறது. இழைகள் ஒன்றையொன்று விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. கொஞ்சம் குலுக்கினால் தாள் கூழாகிவிடும். சமையலறைத் துடைப்புத் தாள் இப்படிக் கரையாமல் நிற்பதற்குக் காரணம், அதில் ஈரத்திலும் உறுதி தரும் பிசின் கலக்கிறார்கள். அந்தப் பிசின் உண்டாக்கும் பிணைப்பைத் தண்ணீரால் அவிழ்க்க முடியாது. குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழையே கலந்திருக்கும். உறையில் என்ன எழுதியிருந்தாலும் அவற்றைத் தொட்டிக்குள் போடாதீர்கள். நீங்கள் வாங்கிய காகிதம் எப்படிப்பட்டது என்று அறிய, ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நான்கைந்து தாள்களைப் போட்டுக் குலுக்குங்கள். கூழானால் அது தொட்டிக்கு ஏற்ற காகிதம்.

இதுவரை சொன்னது பிரிவது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதன் மறுபக்கம். காகித ஆலையில் என்ன செய்கிறார்கள்? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தண்ணீராக இருக்கும் செல்லுலோஸ் கூழை ஒரு சல்லடையின் மேல் ஓட விடுகிறார்கள். தண்ணீர் கீழே வடிகிறது, இழைகள் மேலே தங்குகின்றன. அழுத்தி உலர்த்தும்போது நடுவிலிருந்த தண்ணீர் விலக, இழைகள் நெருங்கி வந்து பழையபடி பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. சுருக்கமாகச் சொன்னால் கூழ், வடிகால், வெப்பம். இந்த மூன்றும் இருக்கும் இடமெல்லாம் காகித ஆலைதான்.

அமெரிக்க முகாம் மைதானங்கள் பலவற்றில் ஒவ்வொரு டிரெய்லருக்கும் தனிச் சாக்கடை இணைப்பு கிடைக்கும். புதிதாக வாங்கியவர் குழாயை மாட்டிவிட்டு, ‘எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும், அப்போதைக்கப்போதே போகட்டும்’ என்று வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறார். நியாயமான யோசனையாகத்தான் தோன்றும். ஆனால் திறந்த வால்வு வழியே ஓடுவது திரவம் மட்டும். மலமும் காகிதக் கூழும் கழிவறையின் வாய்க்கு நேர் கீழே விழுந்த இடத்திலேயே தங்குகின்றன. தண்ணீர் வடிந்தாயிற்று, டெக்சாஸ் கோடைக்கு வெப்பப் பஞ்சமும் இல்லை. அடுக்கடுக்காக அட்டை உருவாகிறது. இதை உவமையாகச் சொல்லவில்லை; நடப்பது அதே வேதியியல்தான், மூலப்பொருளில் மட்டும் கொஞ்சம் கலப்படம். டிரெய்லர்காரர்கள் இதைப் பிரமிடு என்கிறார்கள். முற்றிய நிலையில் அது கழிவறையின் வாய்வரை எழும்பிவிடும்.

பிரமிடைக் கரைக்கும் வழியும் மேலே சொன்னதிலேயே இருக்கிறது. வால்வை மூடுங்கள். தொட்டி ஏறக்குறைய நிரம்பும்வரை தண்ணீர் விடுங்கள். பிறகு காத்திருங்கள். ஒரு நாள் போதலாம். முற்றிப்போயிருந்தால் பல நாள்கூட ஆகும். தண்ணீர் உள்ளே ஊறி, இழை இழையாகப் பிணைப்பை அவிழ்க்க அவகாசம் வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் தொட்டி ஓட்டையாகும் ஆபத்து இருக்கிறது. காத்திருந்த பிறகு, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் செல்வது நல்லது. திருப்பங்களிலும் பிரேக்கிலும் தண்ணீர் அலையாக மோதி, அடியில் படிந்ததைக் கிளப்பிவிடும். அது மறுபடி படிவதற்குள் வால்வைத் திறக்க வேண்டும்.

தொட்டி நிறைந்திருக்கும்போது திறப்பதற்கும் காரணம் உண்டு. துளை வழியே வெளியேறும் திரவத்தின் வேகத்தை 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டாரிசெல்லி கணக்கிட்டார்: வேகத்தின் வர்க்கம் திரவத்தின் ஆழத்துக்கு நேர்விகிதம். 25 சென்டிமீட்டர் ஆழமிருந்தால் உராய்வை விட்டுவிட்டுப் பார்க்கும்போது நொடிக்கு 2.2 மீட்டர், 4 சென்டிமீட்டர் என்றால் 0.9 மீட்டர்கூட இல்லை. ஓடும் தண்ணீர் ஒரு பொருளைத் தள்ளும் விசையும் பெரும்பாலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததால், ஆழம் ஆறில் ஒரு பங்காகும்போது துளையருகே தள்ளும் விசையும் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. கால் தொட்டியோடு திறப்பவர் திரவத்தை மட்டும் அனுப்பிவிட்டுத் திடப்பொருளைச் சேமிக்கிறார். மூன்றில் இரண்டு பங்காவது சேரட்டும். சேரவில்லை என்றால் தண்ணீர் விட்டு நிரப்புங்கள். கறுப்புத் தொட்டியை முதலில் இறக்கி, சாம்பல் தொட்டியை அடுத்து இறக்கினால் சோப்புத் தண்ணீர் குழாயையும் கழுவிவிட்டுப் போகும். எல்லாம் இறங்கியதும் வால்வை மூடி, அடிப்பரப்பு மூழ்கும் அளவுக்குப் புதுத் தண்ணீர் விட்டு வையுங்கள். அடுத்து விழுவது ஈரத்தில் விழ வேண்டும்.

நம்மவர்களில் பலர் டிரெய்லரிலும் குவளையை விடுவதில்லை. காகிதம் குறைவு, தண்ணீர் அதிகம் என்பதால் கறுப்புத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கம் கிடையாது. தொட்டி சீக்கிரம் நிறையும், அது ஒன்றுதான் குறை.

மீட்டர் விவகாரத்தை இப்போது எளிதாக முடித்துவிடலாம். தொட்டியின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரங்களில் உலோகக் குமிழ்கள் பதித்திருக்கிறார்கள். கழிவு நீரில் உப்புகள் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். நீர்மட்டம் ஒரு குமிழைத் தொட்டால் மின்சுற்று முழுமையாகி, அதற்குரிய விளக்கு எரியும். தொட்டி காலியான பிறகும் குமிழ்களுக்கிடையே ஓர் ஈரக் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால்? அதிலும் உப்பு இருக்கிறது, அதுவும் கடத்தும். விளக்கு எரிகிறது. வாசகரின் மீட்டர் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. சுவரில் காகிதம் ஒட்டியிருக்க வாய்ப்பு மிக அதிகம். நிரப்பி, ஊறவைத்து, ஓட்டி, இறக்குவதை இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் சரியாகும். அதுவரை டார்ச் அடித்துக் கழிவறை வழியே உள்ளே பார்ப்பதுதான் நம்பகமான மீட்டர்.

இனி மருந்துகள். முதலில் ஒரு நம்பிக்கை: தொட்டிக்குள் ஒரு பை ஐஸ் கட்டிகளைக் கொட்டி வண்டியை ஓட்டினால் அவை அடிப்பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் என்று பலர் சத்தியம் செய்கிறார்கள். ஐஸின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. தண்ணீர் இருக்கும் தொட்டியில் அது மிதக்கும். மிதப்பது அடியை எப்படித் தேய்க்கும்? பள்ளிக்கூடத்துக் கேள்வி இது. ஐஸ் போட்டவர்கள் கூடவே தண்ணீரும் விட்டு வண்டியையும் ஓட்டினார்கள், தொட்டி சுத்தமாயிற்று, பெயர் ஐஸுக்குப் போயிற்று. பரிகாரம் செய்த பின் காய்ச்சல் இறங்கினால் பரிகாரத்தைப் புகழ்வதும் இதே தர்க்கம்தான்.

நுண்ணுயிரிகளும் என்சைம்களும் அடங்கிய பாட்டில்களுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு, ஆனால் அவகாசம் அவற்றுக்கு எதிராக நிற்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கழிவை நன்றாகச் செரிக்க, இளஞ்சூட்டில் வைத்தாலும் நுண்ணுயிரிகளுக்கு வாரக்கணக்கில் தேவை. டிரெய்லர் தொட்டியோ சில நாளில் காலியாகிறது. இந்திய ரயில் பெட்டிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரிக் கழிவறைகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவைச் செரிக்க, ரயில்வேயும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் சேர்ந்து உருவாக்கியவை. அவற்றைச் சோதித்த சென்னை ஐஐடி ஆய்வாளர்கள், உள்ளே எதிர்பார்த்தபடி கழிவு சிதைவதில்லை என்று கூறியது 2017இல் செய்தியாக வந்தது. இப்படிப்பட்ட சுயேச்சையான சோதனைகளுக்குத்தான் நம் நாட்டில் பணம் ஒதுக்கத் தயங்குகிறார்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க நிதி கிடைக்கும். கண்டுபிடித்தது வேலை செய்கிறதா என்று பத்தாண்டு கழித்துப் பார்க்க நிதி கிடைக்காது. கழிவு நீர் ஆய்வு என்றால் விருதும் வராது, திறப்பு விழாவும் இல்லை.

ஃபார்மால்டிஹைடு கலந்த பழைய வகைத் திரவங்கள் நாற்றத்தை நிறுத்துவது உண்மை; தொட்டியில் உள்ள உயிரிகளை எல்லாம் கொன்றுவிடுவதால் நிறுத்துகின்றன. பின்பு அதே திரவம் முகாமின் செப்டிக் தொட்டிக்குப் போய், அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் நுண்ணுயிரிகளையும் கொல்கிறது. கலிபோர்னியா இவற்றின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. நைட்ரேட் வகை இன்னும் சாமர்த்தியமானது. அழுகிய முட்டை நாற்றம் என்பது ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில் நுண்ணுயிரிகள் சிறுநீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும்போது வெளிவருவது. அருகில் நைட்ரேட் இருந்தால், ஆற்றல் அதிகம் தரும் நைட்ரேட் சுவாசம் முந்திக்கொள்கிறது. சல்பேட்டின் முறை வருவதே இல்லை. நகரச் சாக்கடைகளில் கால்சியம் நைட்ரேட் கலப்பதும் இதற்காகத்தான். மருந்து வாங்கியே தீருவேன் என்றால் வாசகர் இதை வாங்கலாம்.

கடைசியாக, அந்த நாற்றம் டிரெய்லருக்குள் எப்படி வருகிறது? தொட்டியின் காற்று கூரைக் குழாய் வழியே வெளியேற வேண்டியது. குளியலறையின் காற்று வெளியேற்றும் விசிறி ஓடும்போது உள்ளே காற்றழுத்தம் சற்றே குறைகிறது. அந்த நேரத்தில் கழிவறையின் வாயைத் திறக்கும் மிதியை அழுத்தினால், கூரை வழியே காற்று இறங்கி, தொட்டியைக் கடந்து, நேரே முகத்துக்கு வரும். விசிறியை நிறுத்திவிட்டு மிதியை அழுத்துங்கள். கழிவறையின் வாய் மூடிய பிறகு விசிறியை மறுபடி போடுங்கள். கழிவறையின் ரப்பர் வளையத்துக்கு மேல் எப்போதும் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கட்டும். குளியலறை வடிகாலின் வளைவிலும் தண்ணீர் நின்றால்தான் சாம்பல் தொட்டியின் காற்று அடைபடும். சில வாரம் நிறுத்தி வைத்த வண்டியில் அது ஆவியாகியிருக்கும். மேடுபள்ளச் சாலையில் தளும்பியும் போயிருக்கும். ஆளுக்கு ஒரு மருந்தைச் சொல்லும் முன், எல்லா வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.