நாற்பது செயற்கைக்கோள்கள் சொன்னாலும் அது எல்லையாகாது

நிலம் அளக்கும் நேரத்தைவிட, கைப்பேசியில் குறித்த புள்ளி ஏன் எல்லையாகாது என்று விளக்கும் நேரமே எங்களுக்கு இப்போது அதிகமாகிவிட்டது. அண்மையில் ஒருவர், உயரமான கட்டடத்தின் சுவரோரம் தாமே ஊன்றிய வேலிக்கம்பத்தைக் காட்டி, "ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ நான்கும் சேர்ந்து நாற்பது செயற்கைக்கோள்கள் காட்டிய இடம் இது, நீங்கள் மட்டும் மறுக்கிறீர்களே" என்று வாதிட்டார். கம்பம் ஏறத்தாழ நான்கு மீட்டர் தள்ளி நின்றது.

அவர் சொன்ன நான்கும் முறையே அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, சீனா இயக்கும் இடங்காட்டிச் செயற்கைக்கோள் அமைப்புகள். அவற்றில் பலவற்றைப் பயன்படுத்தும் ரிசீவர் (செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி இடத்தைக் கணக்கிடும் கருவி) வீண் என்று நான் சொல்லவில்லை. வானம் குறுகலாகத் தெரியும் இடத்தில் ஓர் அமைப்பின் செயற்கைக்கோள்கள் மட்டும் போதாமல் போகலாம். மற்றவை அந்தக் குறையை ஈடுசெய்யும். 2019 ஜூலையில் கலிலியோவின் சேவை ஏறக்குறைய ஒரு வாரம் தடைபட்டபோது, பல அமைப்பு ரிசீவர்கள் மற்றவற்றைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தன. 2014 ஏப்ரலில் நடந்தது வேறு: குளோனாஸ் செயற்கைக்கோள்கள் பல மணி நேரம் தவறான சுற்றுப்பாதைத் தரவை அனுப்பின. அதைக் கண்டறிந்து ஒதுக்கத் தெரியாத ரிசீவருக்குக் கூடுதல் அமைப்பே கூடுதல் தொல்லை.

எண்ணிக்கை கூடினால் துல்லியமும் கூடும் என்ற நம்பிக்கைதான் என்னைச் சலிப்படையச் செய்கிறது. ஒரே வதந்தியைக் கேட்ட நாற்பது பேர் நாற்பது சாட்சிகள் ஆவதில்லை. சுவரோரம் நிற்கும்போது வானத்தின் ஒரு பாதி மறைந்துவிடுகிறது. அந்தப் பக்கத்துச் செயற்கைக்கோள்களின் சிக்னல் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. நேர்வழிச் சிக்னல் மறைந்து, பட்டுத் திரும்பியது மட்டும் கிடைத்தால், அது சுற்றி வந்த கூடுதல் தூரம் முழுவதும் பிழையாகக் கணக்கில் ஏறும். எந்த நாட்டுச் செயற்கைக்கோளாக இருந்தாலும் சுவர் ஒன்றுதான். ஜிபிஎஸ்ஸின் எல்1, கலிலியோவின் இ1 என்ற சிக்னல்கள் இரண்டும் ஒரே அலைவரிசையில், 1575.42 மெகாஹெர்ட்ஸில், இயங்குவதால், அருகில் அந்த அலைவரிசையை முடக்கும் ஜாமர் ஒன்று இருந்தால் இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்படும்.

திரையில் தெரியும் எண்ணிக்கையிலும் ஏமாற இடமுண்டு: வானில் தென்படுபவை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவை அல்ல. துல்லியம் 3 மீட்டர் என்று காட்டுவதும் ரிசீவரே தனக்குப் போட்டுக்கொள்ளும் மதிப்பெண். ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்தின் பொருள், உண்மையான இடம் அதற்குள் இருக்க 68 விழுக்காடு வாய்ப்புண்டு என்பதுதான். மீதி 32 விழுக்காடு வாய்ப்பில் அது வட்டத்துக்கு வெளியே இருக்கும். பட்டுத் திரும்பிய சிக்னல் அந்த மதிப்பீட்டையே ஏமாற்றிவிடும் என்பது தனிக் கதை.

ஆகவே, கைப்பேசியை வழி தேடப் பயன்படுத்துங்கள். எல்லை போட வேண்டாம். ஆர்டிகே கருவி (திருத்தத் தரவைப் பெற்றுச் சென்டிமீட்டர் அளவில் இடம் காட்டும் ரிசீவர்) வைத்திருப்போரும், துல்லியமான விடை கிடைத்துவிட்டது என்பதைக் குறிக்கும் 'ஃபிக்ஸ்' திரையில் வந்த உடனே கருவிக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நகராதீர்கள். தவறான ஃபிக்ஸும் அதே எழுத்தில்தான் தெரியும். ஆயத்தொலை தெரிந்த புள்ளி ஒன்றில் முதலில் சரிபாருங்கள். அளந்த புள்ளியைச் சில மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில் போவது அரைகுறைச் சோதனைதான்: ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அமைப்பு நாளுக்குச் சுமார் நான்கு நிமிடம் முன்னதாகத் திரும்ப அமைவதால், அதே சுவர் அதே பிழையை மீண்டும் தந்து, இரண்டு அளவும் பொருந்துகின்றன என்ற போலி நிம்மதியைத் தரக்கூடும். சுவரோரப் புள்ளி கட்டாயம் வேண்டுமென்றால், திறந்த வெளியில் இரண்டு புள்ளிகளை நிறுவி, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனால் (கோணத்தையும் தூரத்தையும் நேரடியாக அளக்கும் கருவி) அளந்து வாருங்கள். தயவுசெய்து, கான்கிரீட் போடுவதற்கு முன் கூப்பிடுங்கள்.