பெஸ்டிசைடு: பூச்சிமருந்தா, பூச்சிக்கொல்லியா, பீடைகொல்லியா?

உரக்கடையில் போய் "கத்தரியில காய்ப்புழு விழுது, என்ன மருந்து இருக்கு?" என்றுதான் கேட்போம். "ஒரு கொல்லி கொடுங்க" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வயலில் செய்வதும் மருந்தடிப்பதுதான். அதே புட்டியை எடுத்து யாராவது குடித்துவிட்டாலும் ஊர் "மருந்தைக் குடிச்சிட்டான்" என்றே சொல்கிறது. மருந்து என்ற சொல்லுக்கு இந்த இரட்டை வாழ்க்கை புதிதில்லை. வெடிமருந்து இருக்கிறது, வசியத்துக்கு வைக்கும் இடுமருந்தும் இருக்கிறது. ஆனாலும் நஞ்சுப் புட்டி மருந்தென்ற பெயரோடு வீட்டுப் பரணில் உட்கார்ந்திருப்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

பெஸ்டிசைடு இருபதாம் நூற்றாண்டில் ஒட்டவைத்த சொல். 'பெஸ்ட்' என்பது லத்தீன் 'பெஸ்டிஸ்' வழியாக வந்தது. அதற்குக் கொள்ளைநோய் என்று பொருள். 'சைடு' என்பது 'கொல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆகவே மூலச் சொல்லில் பூச்சியே இல்லை. பயிரைக் கெடுப்பது புழுவோ பூஞ்சையோ களையோ எலியோ, எதைக் கொல்வதும் பெஸ்டிசைடுதான். பூச்சியை மட்டும் கொல்வது இன்செக்டிசைடு. பூச்சிக்கொல்லி என்ற சொல் சரியாகப் பொருந்துவது இதற்குத்தான். களைக்கொல்லியைப் 'பூச்சிக்கொல்லி வகைகளில் ஒன்று' என்று எழுதும்போது தமிழ் இடறுகிறது. அரசு அறிவிப்புகளில் வரும் 'பூச்சிக்கொல்லி மருந்து' இன்னும் வேடிக்கை: கொல்லவும் செய்யுமாம், மருந்தும் அதுவேயாம்!

இந்தக் குழப்பத்துக்குத் தமிழை மட்டும் குறைசொல்ல முடியாது. இந்தியாவின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'இன்செக்டிசைட்ஸ் ஆக்ட்' என்றே பெயர். உள்ளே போய் வரையறையைப் படித்தால் பூஞ்சைக்கொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும். அதாவது சட்டத்தின்படி களைக்கொல்லியும் 'பூச்சிக்கொல்லி'. இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் ஒரு பெருந்துயரம் நடந்தது. 1958இல் சரக்கோடு சரக்காக ஏற்றிவந்த பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கோதுமையில் கலந்து, கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணை ஆணையம் அமைத்தார்கள். சட்டம் வரப் பத்தாண்டு ஆனது, விதிகள் வர 1971 ஆனது. புட்டியின் மேல் சாய்சதுரத்துக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமையைக் காட்டும் முக்கோணம் இந்த விதிகளால் வந்ததுதான். சிவப்பு மிகக் கொடியது. மண்டையோடும் அதன்மேல்தான் இருக்கும். பச்சை இருப்பதில் லேசானது. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? கடைக்காரர் கைகாட்டியதை வாங்கி, டேங்குக்கு இத்தனை மூடி என்று அவர் சொன்ன கணக்கில் கலந்து அடிப்பதுதான் நடக்கிறது.

சரி, நல்ல தமிழ்ச் சொல் எது? இலங்கைத் தமிழர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: பீடைகொல்லி. பீடைநாசினி என்றும் எழுதுவார்கள். பீடை என்பது துன்பம் என்ற பொருளுள்ள வடசொல். தமிழ்நாட்டில் இதைச் சொன்னால் "பீடை பிடிச்ச மாதிரி இருக்கு" என்ற வசவுதான் நினைவுக்கு வரும். (மார்கழியைப் பீடை மாதம் என்பது 'பீடுடை மாதம்' திரிந்ததால் என்பார்கள், அது வேறு கதை.) ஆனால் கொள்ளைநோயைக் குறித்த பெஸ்டிஸுக்கு, பிடித்தால் விடாத பீடையைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது. பூச்சி, பூஞ்சை, களை, எலி எல்லாம் அதில் அடங்கும். 'கொல்லி' நம் சொந்தச் சரக்கு: கொல் என்ற வினையோடு செய்பவரைக் குறிக்கும் இகரம். ஆட்கொல்லி, உயிர்க்கொல்லி எல்லாம் இதே அச்சு. அதனால்தான் எனக்கு நாசினியைவிடக் கொல்லி பிடிக்கிறது. சொல்லும்போதே எச்சரிக்கிறது.

சொல்லில் மட்டுமில்லை, கொடிய நஞ்சுகளை விலக்குவதிலும் இலங்கை முந்திக்கொண்டது. 1980இல் பீடைகொல்லிகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டு, பதிவு செய்யாத சரக்கை விற்க முடியாது என்று ஆக்கினார்கள். பதிவாளர் கையில் அதிகாரம் இருந்ததால் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாக விலக்க முடிந்தது: 1995இல் உலகச் சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என்று முதல் வகுப்பில் வைத்த நஞ்சுகள், 1998இல் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லி, 2008 முதல் 2011க்குள் பாராகுவாட் என்ற களைக்கொல்லி உட்பட மூன்று. இவற்றைக் குடித்துச் சாவது குறைந்ததால், 1995இல் லட்சம் பேருக்கு 47 என்று உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியானது. நஞ்சை எடுத்தால் விளைச்சல் விழுந்துவிடும் என்ற பயமும் பலிக்கவில்லை.

இங்கே பூச்சிக்கு மட்டுமானதைப் பூச்சிக்கொல்லி என்றும், பொதுவாகச் சொல்லும்போது பீடைகொல்லி என்றும் எழுதலாம். வயலில் மருந்தடிப்பது மருந்தடிப்பதாகவே இருக்கட்டும், பேச்சை யார் மாற்ற முடியும்? புட்டியில் ஒட்டும் தாளிலாவது மருந்து என்ற சொல்லை எடுத்துவிட்டு, மண்டையோட்டுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'நஞ்சு' என்று தமிழில் போடலாம்.