மார்ச் 1, நள்ளிரவு 12 மணிக்கு எத்தனை பேர்?

"வீட்ல எத்தனை பேர்?" மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்கிற கேள்வி இவ்வளவுதான் என்று நினைத்தால், இதில் என்ன பெரிய அறிவியல் என்று தோன்றும். ஆனால் வீடு வீடாகக் கேட்டு முடிக்கவே மூன்று வாரம் ஆகிறது, அதற்குள் குழந்தைகள் பிறந்துவிடும், சிலர் இறந்துபோவார்கள், சிலர் பிழைப்புக்காக ஊரே மாறிவிடுவார்கள். கடைசியில் கிடைப்பது எந்த நாளின் கணக்கு?

அதனால்தான் ஒரு குறிப்பிட்ட நொடியை முன்பே அறிவித்துவிடுகிறார்கள். 2011இல் அது பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 பிறந்த நொடி. பிப்ரவரி 9 முதலே வீடுகளில் விவரம் எடுத்தார்கள், பிளாட்பாரத்திலும் ரயில் நிலையத்திலும் படுத்திருப்பவர்களை மட்டும் 28ஆம் தேதி இரவில் தேடிப்போய் எண்ணினார்கள், அப்புறம் மார்ச் 1 முதல் 5 வரை அதே வீடுகளுக்குத் திரும்பப் போய்த் திருத்தினார்கள். இரவு 11 மணிக்குப் பிறந்த குழந்தை உண்டு, 1 மணிக்குப் பிறந்தது இல்லை. 11 மணிக்கு இறந்தவர் பெயரை அடித்துவிட வேண்டும், 1 மணிக்கு இறந்தவர் கணக்கில் இருப்பார். கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் வேறு வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஆட்கள் விடுபடுவார்கள். எத்தனை பேர் என்று பார்க்க, சில பகுதிகளில் மட்டும் தனியாக ஒரு மறு ஆய்வு நடத்துவார்கள். 2011இல் 1000 பேருக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரியவந்தது, அதை அரசே வெளியிட்டது.

சரி, இந்த எண் எதற்கு? எழுத்தறிவு போன்ற பல விகிதங்களுக்குக் கீழே வகுக்கும் எண் இதிலிருந்துதான் வருகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மலிவு விலை தானியம் கிராமங்களில் 75, நகரங்களில் 50 சதவீதம் பேர் வரைக்கும் என்றால், அது 2011 மக்கள்தொகையில் 75, 50. அதற்குப் பிறகு கூடியவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனதை ஏதோ புள்ளிவிவரக்காரர்களின் கவலை என்று விட்டுவிட முடியாதது இதனால்தான். அடுத்ததற்குக் குறித்திருக்கும் நொடி 2027 மார்ச் 1, பனி மூடும் இமயமலைப் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. இந்த முறை சாதியும் கேட்பார்கள்.

சொன்ன விவரம் வெளியே போகுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் படிவத்தைப் பார்க்கும் உரிமை வெளியார் யாருக்கும் கிடையாது. கேட்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான், ஆனால் விலக்கும் உண்டு: வழக்கப்படி கணவர் பெயரைச் சொல்லக்கூடாது என்றிருக்கும் பெண்ணை, அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.