மூன்று கிரெடிட் என்றால் மூன்று மணி நேரம் இல்லை

எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடத்துக்கான படிவம் கொடுக்கும் வாரத்தில் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர், "சார், இது ஈஸி பேப்பர்னு சீனியர் சொன்னாரு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பொறியியல் கல்லூரியில் கிளாஸ் அட்வைசராக இருக்கும் எனக்கு அதைக் கேட்டாலே கவலை வந்துவிடும்.

ஒரு மாணவன் ஐந்தாம் செமஸ்டரில் அப்படித்தான் மூன்று எலெக்டிவ் எடுத்தான். மூன்றுமே சுலபமானவைதான். ஆனால் சிலபஸில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு எண்களை அவன் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அவை வரிசையாக வாரத்துக்கான லெக்சர், டுடோரியல், லேப் பீரியடுகள், கடைசியாகப் பாடத்தின் மதிப்பைச் சொல்லும் கிரெடிட். 3-0-0-3 என்றால் வாரத்துக்கு மூன்று வகுப்பு. 2-0-2-3 என்றால் இரண்டு வகுப்பு, அதோடு இரண்டு பீரியட் லேப். இரண்டு லேப் பீரியட் சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட். இரண்டு வகைக்கும் கிரெடிட் மூன்றுதான், உழைப்பு வேறு. அவன் எடுத்த மூன்றும் 2-0-2-3. ஒன்பது பீரியடில் முடிந்திருக்க வேண்டியது பன்னிரண்டானது. அப்புறம் லேபுக்காக மூன்று அப்சர்வேஷன் நோட், மூன்று ரெக்கார்ட் நோட், மூன்று வைவா. மாடல் எக்ஸாம் நேரத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரெக்கார்ட் எழுதிக்கொண்டிருந்தான். எலெக்டிவ் மூன்றிலும் தேறிவிட்டான். அரியர் விழுந்தது கட்டாயப் பாடத்தில்.

"வீடியோ பார்த்தால் போதும்" என்று எலெக்டிவுக்குப் பதிலாக என்பிடெல் ஆன்லைன் படிப்புகள் பக்கம் போகிறவர்களும் உண்டு. நல்ல வழிதான், நானே பரிந்துரைப்பேன். ஆனால் 12 வாரப் படிப்பில் ஒவ்வொரு வாரமும் அசைன்மென்டுக்குக் கெடு இருக்கிறது. சான்றிதழுக்கு அசைன்மென்டில் 25க்கு 10, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வில் 75க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். அதை எலெக்டிவுக்குப் பதிலாக ஏற்பார்களா என்று பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏழாம் செமஸ்டர்க்காரர்கள் பிளேஸ்மென்ட்டையும் ஒரு பாடமாகக் கணக்கில் வைக்க வேண்டும். இன்டர்வியூவுக்குப் போகும் நாளில் தவறிய தியரி வகுப்பை நண்பனின் நோட்டை வைத்துச் சமாளிக்கலாம். லேபை அப்படி முடியாது.

இப்போதெல்லாம் படிவத்தின் பின்பக்கத்தில் வாரத்து டைம்டேபிளைப் போடச் சொல்கிறேன். பஸ்ஸில் போகும் நேரம் உட்பட. அந்த மாணவனும் அடுத்த செமஸ்டருக்கு அப்படிப் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு லேப் பேப்பர், இரண்டு தியரி. செவ்வாய், வியாழன் சாயங்காலக் கட்டங்களில் அரியர் பாடத்தின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தான். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.