தனியார் துணைவலையா, அக வலைப்பிரிவா?

குன்னூரில் அரசு அலுவலர்களுக்கு நடந்த கணினிப் பயிற்சியில் கொடுத்த கையேடு, ‘தரவுத்தளத்தைத் தனியார் துணை வலையமைப்பில் வைத்து அணுகல் விதிகளை அமைக்கவும்’ என்றது. அருகில் இருந்த மூத்த எழுத்தர், “பட்டா விவரத்தையெல்லாம் எந்தத் தனியாருக்குங்க கொடுத்துட்டாங்க?” என்று என்னிடம் கேட்டார். அவர் தமிழைச் சரியாகத்தான் படித்திருந்தார். பிரைவேட் சப்நெட்டை, அதாவது வலையமைப்பில் வெளியிலிருந்து நேராக நுழைய முடியாத பகுதியை, அப்படி எழுதியவர்தான் தவறியிருந்தார்.

பிரைவேட் என்பதன் இலத்தீன் மூலத்துக்குப் பொதுவிலிருந்து ஒதுங்கியது என்று பொருள். தமிழில் தனியார் என்பதில் உள்ள ‘ஆர்’ பலர்பால் ஈறு. அது ஆட்களை, அதனால் உடைமையைக் குறிக்கிறது. ஆனால் ஒரு சப்நெட் பிரைவேட் ஆவது உடைமையால் அன்று; இணையத்திலிருந்து அதற்குள் நேராக வர வழி இல்லாததால். 1996இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணம் உள் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய 10இல் தொடங்கும் முகவரிகளை அரசும் வைத்துக்கொள்ளலாம், தேயிலைத் தொழிற்சாலையும் வைத்துக்கொள்ளலாம். ஒரே நிறுவனத்தின் பயன்பாட்டுக்கென அமைத்த மேகத்துக்கும் (வலைவழிக் கணினிச் சேவையான கிளவுடுக்கும்) ‘தனி மேகம்’ போதுமே, ‘தனியார்’ எதற்கு?

‘துணை’யும் எனக்கு உடன்பாடில்லை. துணை என்பது உடன் நின்று உதவுவது; துணைவேந்தர் வேந்தரின் ஒரு பகுதி அல்லர். சப்நெட்டோ வலையமைப்பின் ஒரு துண்டு: 65,536 முகவரிகள் கொண்ட 10.0.0.0/16 தொகுப்பை /24 அளவில் (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் கூடக்கூடத் துண்டு சிறிதாகும்) பிரித்தால் 256 முகவரிகள் வீதம் 256 துண்டுகள் கிடைக்கும். துணைக்கண்டம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, நிலைத்தும் விட்டது. ஆனால் பழகிப்போன ஒரு பிழையைக் காட்டி அடுத்ததற்கு உரிமை கேட்பது முறையன்று. மேலும், புல எண் 214ஐப் பிரித்தால் 214/1, 214/2 என்று வருவதை உட்பிரிவு என்று நம் நில அளவைத் துறை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. சாய்கோட்டின் பொருள் வேறானாலும் செயல் ஒன்றே. ஆகவே சப்நெட்டை வலைப்பிரிவு என்றும், பிரைவேட், பப்ளிக் இரண்டையும் அகம், புறம் என்றும் சொல்லலாம். ‘அக வலைப்பிரிவு’ என்றிருந்தால் எழுத்தர் திகைத்திருக்க மாட்டார்.

‘அணுகல் விதி’யில் எனக்குக் குறையில்லை. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த போர்ட் (கணினியில் ஒரு சேவைக்கான எண்ணிட்ட வழி) வழியாக, விடுவதா தடுப்பதா என்பவற்றைச் சொல்வது அது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளிடம் இ-பாஸ் கேட்டு, டி.என். 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளைக் கேட்காமல் விட்டதும் எங்கிருந்து என்பதைப் பார்க்கும் விதியே. இதை மலையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே கையேடு, வாயில் என்று பொருள்படும் போர்ட்டைத் துறைமுகமாக்கி, கடல்மட்டத்துக்கு 1,850 மீட்டர் மேலே இருக்கும் எங்களைத் ‘துறைமுகம் 443ஐத் திறக்க’ச் சொல்லியிருந்தது.