பெட்டி ஓரத்தில் மூன்று விரல்கள்

"ஷேக்கர் மரச்சாமான்களின் வரைபடம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். நாலு கோடுதான் இருக்கிறது, இதில் என்ன அழகு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

ஷேக்கர்கள், 1774-இல் ஆன் லீ என்ற பெண்மணியோடு இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த கிறிஸ்தவப் பிரிவினர். பிரம்மச்சரியம், பொதுச்சொத்து, உழைப்பு. வேலைக்கு உதவாத அலங்காரம் கூடாது. ஆனால் அவர்களுடைய நீள்வட்ட மேப்பிள் மரப் பெட்டியைப் பாருங்கள். சுற்றி வளைத்த மெல்லிய பலகைப் பட்டை முடிகிற இடத்தில், விரல்கள் போல வெட்டிய மூன்று கூம்பிய முனைகள்! அலங்காரம் இல்லையென்றால் இது எதற்கு?

மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உப்புவதில்லை. செல்சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் கிடக்கின்றன. நீர் அவற்றின் நடுவே புகுந்து விலக்கும், இழையை நீட்டாது. பச்சை மேப்பிள் முழுக்கக் காய்ந்தால் ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 10 சதவீதம் சுருங்கும்; நீளவாக்கில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான்.

பெட்டியின் பட்டையில் நார் சுற்றுவாக்கில் ஓடுகிறது. ஆகவே அது உயரவாக்கில்தான் உப்பும், சுருங்கும். அதிலும் வெட்டுமுனையில் நார்க்குழாய்கள் வாய் திறந்து கிடப்பதால் ஈரம் ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான் வேகம். அந்த முனையை அகலமாக விட்டு மேலிருந்து கீழாக ஆணி வரிசை அடித்தால்? மரம் சுருங்கப் பார்க்கும், ஆணிகள் விடாது, பட்டை நாரோடு கிழியும்.

ஷேக்கர் தச்சர், கிழியப்போகிற இடத்தைத் தாமே முன்கூட்டிக் கத்தியால் வெட்டிவிட்டார்! ஒவ்வொரு விரலும் குறுகல். அதனால் அதன் அசைவும் சொற்பம். மிச்சத்தை இடைவெளி வாங்கிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவான பொறியியல் குறைவு. அப்புறம், பட்டையை நீராவியிலோ வெந்நீரிலோ இளக்கி ஈரத்தோடு வளைப்பதால் ஆணி செம்பில்; இரும்பானால் துருப்பிடிக்கும்.

1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்க அரசு வேலையில்லாத ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பழைய கைவினைப் பொருட்களைச் சுமார் 18,000 தாள்களில் வரையவைத்தது. ஷேக்கர் சாமான்களும் அதில் உண்டு. இன்று எந்த நிதிக்குழுவும் "பயன் என்ன?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கும். அந்தத் தாள்கள் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றன.

வாசகர் அனுப்பிய தாளில் விரல்கள் மேல் சின்னப் புள்ளிகள் தெரிகின்றன. அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம், செம்பாணிகள்தான்.